ஸ்க்ரூவா, பசையா

மல்லேஸ்வரத்து வீட்டை அண்ணனும் நானும் பிரித்துக்கொண்டபோது ஹாலின் நடுவே ஒரு சுவர் எழுந்தது. அதன் அடியில் ஸ்கர்டிங் பலகை போட நீலசந்திராவிலிருந்து ஒரு கார்பென்டர் வந்தார். முந்தின நாள்தான் அண்ணன் பக்கத்தை முடித்திருந்தார். ஒடிசலான மனிதர், சிரித்து நான் பார்க்கவில்லை.

புதுச் சுவர் போய் முட்டிய இடத்தில் அப்பா கட்டிய சுவர் அலமாரி இருந்தது. அதன் அடி விளிம்பு வளைந்து வளைந்து போகும். கார்பென்டர் ஒரு ஸ்வீட் பெட்டி அட்டையை அந்த வளைவுக்குக் கத்தரித்து, அதைப் பலகையில் வைத்து வரைந்து அறுத்தார். பொருத்திப் பார்ப்பார். "இன்னூ ஸ்வல்ப", இன்னும் கொஞ்சம், என்று கன்னடத்தில் முனகிவிட்டு மறுபடி இழைப்பார். பலகை அலமாரியோடு ஒட்டி உட்கார்ந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"பசை போட்டு ஒட்டலையா?" என்றேன்.

"ஸ்க்ரூன்னா கழட்டலாம் சார். இந்த மாதிரி சுவரு நெறைய பாத்துட்டேன். கொஞ்ச வருஷம் போனா இடிக்கக் கூப்புடுவாங்க. அப்போ பலகை உடையாம வரும்."

எனக்குள் ஏதோ இளகியது. "அண்ணன் பக்கமும் ஸ்க்ரூதானே?"

அவர் நிமிரவில்லை. "அவருகிட்டயும் இதையேதான் சொன்னேன். பசையும் போட்டு ஆணியும் அடிக்கச் சொல்லிட்டாரு. உங்களுக்கு எப்படி சார்?"

"எனக்கும் அப்படியே" என்றேன்.

ஸ்க்ரூக்களைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்றும் அந்த மூலையைப் பெருக்கும்போது எனக்கு அண்ணன்மேல் கோபம் வருவதில்லை, அந்த மனிதர்மேல்தான் வருகிறது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.