மூன்றாம் பெட்டியிலிருந்து நீண்ட கை

கதை என்று நினைத்துப் படித்தால் அது உங்கள் இஷ்டம். எனக்கு இது நடந்தது. 1996 டிசம்பர் 11, புதன்கிழமை, மாலை 4.37. நிமிஷம் தப்பாது. பதினாறு வருஷம் கடிகாரத்தைப் பார்த்தபடியே வேலை செய்தவன் நான்.

ஒசாகாவுக்கு வெளியே ஒரு சின்ன ரயில் பாதையில், வண்டியின் கடைசியில் நின்று கதவுகளைத் திறந்து மூடும் கார்டாக இருந்தேன். எங்கள் மின்சார வண்டி 1963-ல் வந்த ரகம். முதலில் அது இரண்டு பெட்டிதான், இரண்டு முனையிலும் டிரைவர் அறை. கூட்டம் பெருகியதும் 1978-ல் இரண்டு வண்டிகளைச் சேர்த்து நாலு பெட்டியாக்கினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட டிரைவர் அறைகளை என்ன செய்வது? ஒயரை வெட்டி, பூட்டுப் போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். மூன்றாம் பெட்டியில் இருந்த அறை அப்படிப்பட்டது. அதன் கதவில் சாய்ந்து ஜனங்கள் தூங்கிக்கொண்டு போவார்கள்.

அன்றைக்கு டிரைவர் ஒனோதெரா. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். விடுதியில் ஒரே அறை, ஒரே சட்டியில் சாப்பாடு. அவன் கல்யாணத்தில் அவனைவிட அதிகம் குடித்தது நான்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்டு கதவுகளை மூடிவிட்டு, கையை நீட்டி, விரலால் சுட்டி, "கதவு சரி!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் டிரைவருக்கு இரண்டு முறை மணி. எல்லாக் கதவும் மூடினால் மட்டுமே எரியும் விளக்கும் டிரைவர் முன்னால் எரிந்திருக்க வேண்டும். அப்புறம்தான் வண்டியை எடுக்கலாம்.

ஷிரகுரா நிலையம். வளைந்த பிளாட்பாரம். நாற்பது விநாடி தாமதம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள். நான் கதவை மூடவில்லை.

"கதவு சரி!"

என் குரல் இல்லை…

எட்டிப் பார்த்தேன். மூன்றாம் பெட்டி. பூட்டிய அறையின் ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை, விரலைச் சுட்டியபடி…

ட்ர்ர்… ட்ர்ர்…

நான் மணியைத் தொடவே இல்லை.

வண்டி நகர்ந்தது.

அவள் விழுந்தாள்.

அவசர பிரேக்கை இழுத்தேன். பதினோரு மீட்டரில் வண்டி நின்றது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவள் மணிக்கட்டு உடைந்துபோனது. முன்னால் ஓடும்போது மூன்றாம் பெட்டியைப் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. விளிம்பெல்லாம் துரு.

ஒனோதெராவின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"நான் மணி அடிக்கலடா."

"தெரியும். விளக்கு எரியல. மணி கேட்டுச்சு, திரும்பிப் பாத்தேன்… அந்தக் கை. எடுத்துட்டேன்டா."

"இதை உள்ள வந்து சொல்லுவியா? என் வேலையே போயிடும்."

"என்னடா கேள்வி இது? சொல்றேன்."

மாலை 6.20. அதிகாரி அறை. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்து அவனைக் கேட்டார்கள். அவன் மேஜையைப் பார்த்தபடியே பேசினான்.

"விளக்கு எரிஞ்சுதுங்க. மணி நிஷிவாகி-சான்தான் அடிச்சார். அப்புறம் அவரே கதவைத் திறந்திருக்கணும்."

நிஷிவாகி-சானாம், மரியாதையாக! பதினாறு வருஷமாக என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டவன். அந்தக் கையைப் பார்த்தபோதுகூட நான் இப்படி அதிர்ந்துபோகவில்லை.

என்னை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். பணிமனையில் மூன்று வருஷம் களை பிடுங்கினேன். அவன் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. பல நாள் அழுதிருக்கிறேன், சொல்வதில் என்ன வெட்கம்.

1999-ல் அந்த வண்டியை உடைத்துப்போட எங்கள் பணிமனைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய மெக்கானிக் முகாய்தான் பூட்டிய அறையை நெம்பித் திறந்தார். தரை முழுக்க விரல் கனத்துக்குத் தூசி. ஒரு காலடித் தடம் இல்லை. மணிப் பொத்தான் மட்டும் தேய்ந்து பளபளத்தது. பின்னால் ஒயர் இல்லை.

"ஷிரகுராவுலதானே?" என்றார் முகாய்.

"எப்படித் தெரியும் அண்ணே?"

"எழுபதுலயும் அங்கதான். கதவு திறந்திருக்கும்போதே டிரைவர் எடுத்துட்டான். 'விளக்கு எரிஞ்சுது, கார்டுதான் மணி அடிச்சார்'னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டான். கார்டு ஒரே மாசத்துல செத்துட்டாரு. அப்ப வண்டி ரெண்டு பெட்டிதானே, அன்னிக்கு அவர் நின்னது இந்த அறையிலதான்."

"டிரைவர் யாரு?"

முகாய் கையிலிருந்த நெம்புகோலைக் கீழே வைத்தார்.

"ஒனோதெரா. உன் சிநேகிதனோட அப்பா. பையனுக்கும் எல்லாம் தெரியும்."

அந்தக் கை யாருடையது என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதைச் சொன்னால் அப்பாவின் பொய்யும் வெளியே வரும். அதனால் என்னைப் பலி கொடுத்துவிட்டான்.

சரி, அவன் மனுஷன். செத்துப்போன அந்தக் கார்டு? பழிவாங்க வந்தவர் ஒனோதெராக்களை விட்டுவிட்டு, தன்னைப் போலவே ஒரு கார்டைத்தானே மாட்டிவிட்டுப் போனார்! அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.