இருமல் வரவைக்கும் எண்ணெய்

போன வாரம் செஞ்சியில் புதிதாகத் திறந்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். துவரம்பருப்பும் துணி சோப்பும் வாங்கப் போனவள், ஓர் அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடி பாட்டில்களில் வரிசையாக ஆலிவ் எண்ணெய். பச்சையில் இரண்டு வகை, வெளிர் மஞ்சளில் இரண்டு வகை. பக்கத்திலேயே ஊறுகாய் பாட்டில் மாதிரி ஆலிவ் காய்கள். சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "இன்னா ஆண்ட்டி தேடறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. இத யாரு வாங்கறாங்க இங்க?"

"டயட்ல இருக்கறவங்க வாங்கறாங்க ஆண்ட்டி. கொழுப்பு ஏறாதாமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே ஆலிவ் எண்ணெய் இருந்த ஒரே அலமாரி என் கைவசம்தான் இருந்தது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னால் நம்புவாளா? நீங்களாவது நம்புங்கள்.

பார்மசி டிப்ளமோ முடித்த கையோடு, பஜாரில் ஒரு மெடிக்கலில் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பேன். பாதி டாக்டர் என்று எனக்கு நினைப்பு. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும்போதே கோட்டை மாட்டிக்கொண்டு வருவேன் என்று நைனா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கடையில் கிரைப் வாட்டருக்கும் பேபி பவுடருக்கும் நடுவில், உள்ளங்கையில் அடங்குகிற தகர டப்பாவில் ஆலிவ் எண்ணெய் இருக்கும். பிறந்த குழந்தைக்கு உடம்பில் தடவ வாங்குவார்கள். அதைத் தின்கிற பொருளென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பருமனான உடம்பு, நரைத்த சுருட்டை முடி, காட்டன் சேலையை எப்படியோ சுற்றியிருந்தார். டப்பாவைக் கைகாட்டி வாங்கி, கடையிலேயே திறந்து, உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கினார்.

எங்கள் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஐயோ மேடம், அது பூசிக்கிற எண்ணெ. ஏம்மா, நீ இங்கிலீஷ்ல சொல்லு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மா தலையை மெல்ல ஆட்டிவிட்டு, "டெட்" என்றார். செத்துப்போன எண்ணெய். மாத்திரை தேதி முடிந்துவிட்டது என்று சொன்னால் எங்கள் முகம் எப்படிப் போகுமோ, அவர் முகம் அப்படிப் போயிற்று.

அவர் பெயர் எலேனி. கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவு அவருடைய ஊர். எலேனி என்றால் எங்கள் பஜாரில் யாருக்கு வாயில் நுழையும்? ஒரே வாரத்தில் அவர் இளநியம்மா ஆகிவிட்டார். அவருக்கு அர்த்தம் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார்.

அவர் இங்கே வந்த கதை கொஞ்சம் கனமானது. அவருடைய கணவர் வேலாயுதம் எங்கள் ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். இருபது வயதில் கப்பல் வேலைக்குப் போனவர். எஞ்சின் அறையில் வேலை. எலேனி வேலைபார்த்த துறைமுகச் சாப்பாட்டுக் கடைக்குச் சாப்பிடப் போய், அங்கேயே கல்யாணம் ஆகி, முப்பது வருஷம் அந்த நாட்டிலேயே இருந்துவிட்டார். வீட்டில் பேச்சு முழுக்க கிரேக்கம்தான். ஒரு மகள், அவளுக்கும் தமிழ் தெரியாது. பிறகு அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சு நின்றது. மூன்று மாதம் கழித்துப் பேச்சு திரும்பி வந்தபோது, வந்தது தமிழ் மட்டும்தான். முப்பது வருஷம் பேசிய கிரேக்கத்தில் ஒரு வார்த்தை மிச்சமில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் திடீரென்று உங்களுக்குத் தெரியாத பாஷையில் தண்ணீர் கேட்கிறார். அந்த ஊரில் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடையாது. அவர் அழுவாராம். கடைசியில் இளநியம்மாதான் முடிவு செய்திருக்கிறார். இவர் பேசுவது புரிகிற ஊருக்கே இவரைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. செஞ்சியில் பஜாருக்குப் பின்தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து வந்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது வேலாயுதத்துக்குப் பிரஷர் பார்க்கப் போனதால். வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார் முதலாளி. போன முதல் நாளே இளநியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சாப்பிட வேண்டும் என்று அவரைக் கேட்கச் சொன்னார். மனிதர் சரியாகச் சாப்பிடாமல் எலும்பாக இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாம்பார் சாதம் மேசையில் அப்படியே இருந்தது.

"இன்னா சாப்டறீங்க?" என்று கேட்டேன்.

"தெரில," என்றார். "இன்னாமோ ஒண்ணு. பேரு வர மாட்டேங்குது."

அதை நான் சொன்னதும் இளநியம்மாவின் கண் பளிச்சென்றது. பெயர் வராத அந்த ஒன்று தன் சமையல்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதன் வாசனையும் ருசியும் உள்ளே போனால் கிரேக்கமும் பின்னாலேயே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. டாக்டர் அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் டாக்டரைவிடப் பாதி டாக்டருக்கு நம்பிக்கை அதிகம். அந்தச் சமையலுக்கான சாமான்களைத் தேடுவதில் நானும் சேர்ந்துகொண்டேன்.

தேட ஆரம்பித்த பிறகுதான், செஞ்சியில் இத்தனை இருக்கிறதா என்று தெரிந்தது. கீரை விற்கிற அம்மாவின் கூடையில் பருப்புக்கீரையைப் பார்த்ததும் இளநியம்மா ஒரு கட்டு எடுத்து அங்கேயே பச்சையாக மென்றார். அவர் ஊரில் தயிரில் போட்டு அப்படியேதான் தின்பார்களாம். "மாடுதான் அப்டித் தின்னும்," என்று கீரைக்காரம்மா முணுமுணுத்தார். இருந்தாலும் மறுநாளிலிருந்து இளசாக ஒரு கட்டு தனியே எடுத்து வைத்தார். தயிரை வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியாக்கி, உப்புப் போட்டுச் சாப்பிடலாம் என்று இளநியம்மாவிடம்தான் கற்றேன். இன்றைக்கும் செய்கிறேன், என் வீட்டில் எனக்கு மட்டும்தான் பிடிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோட்டையைக் காட்டக் கூட்டிப் போனேன். நான் கல்யாண மகாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறேன், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ராஜகிரி அடிவாரத்தில் ஒரு முட்புதர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆதொண்டைக் கொடி. வெள்ளைப் பூவும், நடுவில் மயிர்மயிராக நீண்ட இழைகளுமாகப் பூத்திருந்தது. அவர் தீவில் பாறை இடுக்குகளில் இதே மாதிரி ஒரு செடி உண்டாம். அதன் மொட்டை உப்புநீரில் ஊறப்போட்டு எல்லாவற்றுக்கும் சேர்ப்பார்களாம். நாங்கள் ஆதொண்டைக் காயை வற்றல் போடுவோம் என்றேன். முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு ஒரு கர்ச்சீப் நிறைய மொட்டு பறித்தோம். ஊறிய பிறகு வாயில் வைத்தால் ஒரே கசப்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். கூடப் பிறந்தது இல்லை, சித்தப்பா பிள்ளை என்று சொல்லலாம் என்றார்.

ஆனால் எண்ணெய்? அதற்கு மட்டும் சித்தப்பா பிள்ளை கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் பாண்டிச்சேரியில் வெளிநாட்டுச் சாமான் கடை ஒன்று இருப்பதாக எங்கள் கடைக்கு மருந்து கொண்டு வருபவர் சொன்னார். திண்டிவனத்தில் பஸ் மாறி இருவரும் போனோம். கடைக்காரர் மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். திறந்து ருசி பார்க்கணும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. இளநியம்மா விடவில்லை. முதல் பாட்டிலை ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் தள்ளிவிட்டார். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் ஒரு சொட்டு விழுங்கியதும், கக் கக் என்று இருமினார். நான் பயந்து தண்ணீர் கேட்டேன். அவர் இருமிக்கொண்டே என் முதுகில் தட்டிச் சிரித்தார். நல்ல எண்ணெய் தொண்டையில் உறைக்குமாம். இருமல் வரவேண்டுமாம்.

திரும்பி வரும்போது பாட்டிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டு அம்மா குழந்தையோ என்று எட்டிப் பார்த்தார்.

"இன்னாதும்மா அது?"

"எண்ணெங்க," என்றேன்.

"ஏன், செஞ்சில எண்ணெ கெடைக்கலியா?" என்று கேட்டார்.

மறுநாள் மத்தியானம் எனக்கும் சேர்த்துச் சமைத்தார். தோல் எடுக்காத மைசூர்ப் பருப்பைத் தக்காளி, பூண்டு, பிரியாணி இலை போட்டு வேகவைத்த ஒரு குழம்பு. தட்டில் ஊற்றிய பிறகு பச்சை எண்ணெயை மேலே வட்டமாக விட்டார். வெட்டிய புல் மாதிரி ஒரு வாசனை எழுந்தது. வேலாயுதம் குனிந்து மோந்து பார்த்தார். இடது கையால் ஒரு வாய் எடுத்து வைத்தார். இன்னொரு வாய். இருமினார்.

இளநியம்மா அவர் எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, கெஞ்சுகிற குரலில் கிரேக்கத்தில் பேசத் தொடங்கினார். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கே தெரிந்தது. வேலாயுதம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்த எனக்கு மொதல்ல போட்டது இவதான்," என்றார். "கடையில. அப்ப ஒல்லியா இருந்தா."

தமிழில்தான் சொன்னார்.

இளநியம்மா என்னைப் பார்த்தார். என்ன பாஷையில் சொன்னார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, என்ன சொன்னார் என்றுதான் தெரியவில்லை. அப்படியே மொழிபெயர்த்தேன், ஒல்லி என்பதையும் விடாமல். அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேலாயுதம் அதற்குள் தட்டைக் காலி செய்திருந்தார். இன்னும் கொஞ்சம் வேணும் என்று தட்டை நீட்டினார்.

முந்தானையை எடுத்தபோது இளநியம்மா வேறு ஆளாக இருந்தார். கிரேக்கம் வராது, அது போகட்டும் என்று இங்கிலீஷில் சொன்னார். தட்டைக் காட்டி, "இது, தமிழ்?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டார்.

"தட்டு," என்றார் வேலாயுதம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் பேசினார், ஒரு வருஷத்தில் சண்டை போட்டார். கணவர் தன்னிடம் பேசுவதைக் கேட்டுக் கற்ற தமிழ் என்பதால் எதிரில் இருப்பவருக்கு மரியாதை விகுதி கிடையாது. எங்கள் முதலாளியைப் பார்த்து, "இன்னா, நல்லாகிறியா? உக்காரு," என்பார். யாரும் ஒருமையில் கூப்பிட்டிராத முதலாளி, வெட்கத்தோடு உட்காருவார்.

இன்னொன்றும் இருந்தது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வேலாயுதத்துக்குத் தமிழிலும் சில சொற்கள் இடம் மாறியிருந்தன. ஸ்பூனைச் சாவி என்பார். கட்டில் அவருக்குக் கப்பல். குளியல், மழை. இளநியம்மா அதையெல்லாம் சரியான தமிழென்றே கற்றுக்கொண்டார். பாத்திரக் கடையில் போய் ஆறு சாவி கேட்க, அவர்கள் பூட்டுக் கடைக்கு அனுப்பிவைக்க, அங்கிருந்து கோபமாக என்னிடம் வந்தார். நான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன்.

"சரி. கடையில ஸ்பூன்," என்றார். "வூட்டுல சாவி."

அதற்கப்புறம் அவரைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுக்குள் போனால் நானும் அப்படித்தான் பேசினேன். "இவரு மழைக்குப் போயிக்கிறாரு, இரு," என்பார், நான் காத்திருப்பேன்.

நான்கு வருஷம் அப்படி இருந்தார்கள். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த வேலாயுதம் எழுந்திருக்கவில்லை. மகள் வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை இருந்துவிட்டு இளநியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கடையும் ஜெராக்ஸ் கடையும் இருக்கின்றன. எங்கள் மெடிக்கலும் கைமாறிவிட்டது.

ஊருக்குப் போன பிறகு மாதம் ஒருமுறை எனக்குப் போன் செய்வார். முதலில் மழை, வெயில், விலைவாசி. பிறகு வேலாயுதம் சொன்னது ஏதாவது. "கப்பல்ல படுத்துக்கினு பேசறேன் பொண்ணு, முட்டி வலிக்குது," என்று ஒருமுறை சொன்னார். நான் இங்கே பஸ்ஸில் உட்கார்ந்து, "கால மேல தூக்கி வச்சிக்கோங்க," என்றேன். அங்கே எண்ணெய் ஆறாக ஓடுகிறது, பேசத்தான் ஒருத்தர் இல்லை என்பார். மகளுக்கு அவர் தமிழ் ஒரு விளையாட்டு மாதிரி இருந்திருக்கும். கற்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் எண்ணிலிருந்து மகள் பேசினாள். இங்கிலீஷில், சுருக்கமாக. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அந்த வீட்டுத் தமிழில் எனக்கு ஒரு முப்பது சொற்கள் தெரியும். எனக்குத் தெரிந்து, அதைப் பேச இனி வேறு ஆளில்லை.