பதுர்தீனின் கன்னமும் ஒரு மடக்குக் கத்தியும்

மடக்கிய கத்தியைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, காதோரத்திலிருந்து தாடைவரை மெதுவாக இழுக்கிறார் பதுர்தீன். பிறகு மறுகன்னம். பார்க்கிறவர்களுக்கு மனுஷனுக்கு ஏதோ முற்றிவிட்டது என்றுதான் தோன்றும். அவருக்கோ அதுதான் அளவுகோல். "கை காச்சிப் போய் தோலாகிட்டு, அதுக்கு ஒண்ணும் வெளங்காது. பிடி நல்லமா இல்லயாண்டு கன்னம்தான் சொல்லும்" என்பார்.

யட்டவத்தச் சந்தையில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்பவர். சாக்குத் தையலை அறுப்பதும் சாதிக்காயைச் சீவிப் புழு பார்ப்பதுமாகப் பகல்வரை கத்தி கையை விட்டு இறங்காது. அதனால் எந்தக் கத்தியையும் கடைக்காரன் கொடுத்தபடி அவர் விட்டுவைத்ததில்லை. பிடியின் கூரான விளிம்பை அரத்தால் ராவுவார், மண்ணெண்ணெய் விட்டு மடங்கும் இடத்தை இளக்குவார், பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் பிடிக்கு உறை போடுவார். வீட்டுத் தேங்காய் துருவிக்குக்கூட டியூப்தான். "ஒரு நாளக்கி எனக்கும் டியூப் மாட்டிருவாரு" என்பது அவர் மனைவி ஸக்கியாவின் குறை.

ஆனால் இந்தக் கத்தி மருமகன் இப்ஹாம் போன விடுமுறையில் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கறுத்த இரும்பு, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு, நகமே பெயர்ந்தாலும் திறக்காத இறுக்கம். மூலைகள் உள்ளங்கையைக் குத்தின. சட்டைப்பையில் செருகுகிற கவ்வி விரலைக் கிள்ளியது. மருமகன் தந்த பொருளில் அரம் படக்கூடாது என்று ஸக்கியா கட்டளை போட்டிருந்தாள். பாவம் மனுஷன், ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

போன வெள்ளிக்கிழமை காலை பொறுமை போயிற்று. அன்றைக்கென்று பார்த்து, இந்த விடுமுறைக்கு வந்திருந்த இப்ஹாம் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பகல் சாப்பாட்டுக்கு வருகிறான். அதற்குள் முடித்துவிடலாம் என்று, நல்ல வெளிச்சம் தேடி, மிளகு காய்கிற பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாரே, அங்கேதான் பிழை வந்தது. கத்தியைக் கழற்றினார், மூலைகளை ராவினார், கன்னத்தில் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போயிற்று! அந்தச் சந்தோஷத்தில் அவர் குலுங்கிச் சிரிக்க, மடியில் வைத்திருந்த கறுத்த இஸ்குருப்பு ஆணி துள்ளிப் பாயில் விழுந்தது. அத்தனை கறுத்த மிளகுக்குள்ளே மிளகளவில் ஒரு கறுத்த ஆணி.

"அல்லாஹ்வே! மருமகன் கேட்டா என்னத்தக் காட்டுவீங்க? துண்டு துண்டாவா?" என்று ஓடிவந்தாள் ஸக்கியா.

இரண்டு பேரும் குந்தியிருந்து கிளறினார்கள். ஒவ்வொரு மிளகையும் விரலால் தட்டி, "நீயா? நீயா?" என்று பதுர்தீன் விசாரித்ததில், திட்ட வந்தவளுக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் துள்ளி எழுந்து உள்ளே போனவர், செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தோடு வந்தார். பாயின்மேல் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். பேரப்பிள்ளை கண்ட மனுஷன் இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் ஓர் ஆட்டம் ஆடினார் பாருங்கள், நமக்கே சேர்ந்து ஆடலாம் போலிருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் இப்ஹாம் கேட்டேவிட்டான். "மாமா, அந்தக் கத்தி எப்டி?"

பதுர்தீனின் முகம் சுண்டிப்போயிற்று. கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது என்பதால் மேசையில் வைத்துத் தள்ளினார். மூலை இல்லை, கவ்வி இல்லை, பளபளப்பு இல்லை. சைக்கிள் டியூப் மட்டும் இருந்தது. ஸக்கியா நிலத்தைப் பார்த்தாள்.

இப்ஹாம் புரட்டிப் பார்த்தான். பெருவிரலால் லேசாகத் தள்ளினான், திறந்துகொண்டது. ஒரு தோடம்பழத்தை உரித்தான். தின்னாமலே இன்னொன்றையும் உரித்தான். பிறகு தன் பையிலிருந்து அச்சொட்டாக அதே மாதிரி ஒரு புதுக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தான்.

"ரெண்டு வாங்கினேன் மாமா. எனக்கும் ஒரு வருஷமா கையக் குத்துது. ஒங்களுக்குத் தந்த சாமான நானே கொற சொல்ல வெக்கமா இருந்திச்சு."

பதுர்தீன் அதை எடுத்துக் கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்தார். "யா அல்லாஹ், முள்ளு!" என்றார். முகமெல்லாம் பெருநாள். கை அதற்குள் அரத்தைத் தேடிப் போய்விட்டது.

ஸக்கியா எழுந்து முற்றத்துக்குப் போய், மிளகுப் பாயின் இரண்டு முனைகளையும் பிடித்து, வேலியோரம்வரை இழுத்துக்கொண்டு போனாள்.