பதின்மூன்று அப்பங்கள்

இருபத்தெட்டு வயதுக்குள் சிவமலர் மூன்று மாப்பிள்ளைமாரை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். முதல் ஆள் தான் வாசித்திராத ஒரு புத்தகத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். இரண்டாமவன் பேசவேயில்லை, அவனுக்கும் சேர்த்துத் தாய் பேசினாள். மூன்றாமவனிடம் குறை என்று எதுவும் அகப்படவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் அவளுக்குச் சுருக்கெழுத்துத் தட்டெழுத்தாளர் வேலை. நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் எடுப்பாள். மேலதிகாரிகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே அவர்களின் இலக்கணப் பிழைகளை அங்கேயே திருத்திவிடுவாள். கடிதம் நன்றாக வந்திருக்கிறது என்று அவர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்வதை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் கையால் தட்டிய தாளில் பிழை வந்ததேயில்லை என்பதுதான் அவளுடைய ஒரே செருக்கு. அது சின்னச் செருக்கு அல்ல.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் குடியிருந்த அறை எரிந்தது. அடுத்த வருடம் வட லண்டனின் எட்மண்டனில் இருந்த தம்பி கனகலிங்கம் அவளை லண்டனுக்கு எடுப்பித்தான். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. வேலை கேட்டுப் போன கந்தோர்களில் எல்லாம் அவளுடைய ஆங்கிலத்தை மெச்சினார்கள், வேலையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். கடைசியில் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் ஒரு யூத முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைதான் கிடைத்தது. கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சோறு தீத்த வேண்டும். யூத ஆசாரப்படி பால் சாமானையும் இறைச்சிச் சாமானையும் கலந்துவிடக் கூடாது என்று முதல் நாளே மூன்று பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவளுக்கு இதைச் சொல்ல மூன்று பேரா என்று அவள் நினைத்தாள்.

முதலாம் மாடியின் கோடி அறையில் ஸில்பர்மான் என்ற கிழவர் இருந்தார். போலந்தில் பிறந்தவர். லண்டனில் ஓர் எபிரேய அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்துநராக இருந்தவர். எண்பது தாண்டிவிட்டது, கண் முக்கால்வாசி போய்விட்டது, நாக்கு மட்டும் பழுதில்லாமல் இருந்தது. தாதிகளை முட்டாள்கள் என்பார். பார்க்க வரும் மதகுருவைப் பாதி முட்டாள் என்பார். மான்செஸ்டரில் பல் வைத்தியராக இருந்த சொந்த மகனை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அவருடைய அறைக்குப் போக ஒருவருக்கும் விருப்பமில்லாததால் புதிதாக வந்த சிவமலர் தலையில் கட்டினார்கள்.

இரண்டாம் நாள் அவர் ஒரு வசனத்தில் ஆங்கில இலக்கணப் பிழை விட்டார். தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே அவள் அதைத் திருத்தினாள். கிழவர் முதல் தடவையாக அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நீங்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மலச்சட்டி கழுவுகிறவள்," என்றாள்.

"சட்டி கழுவுகிறவளுக்கு இந்தத் திருத்தம் தெரியாது. பொய் சொல்லாதீர்கள்."

அவளுக்குச் சுருக்கெழுத்துத் தெரியும் என்று அறிந்ததும் கிழவரின் போக்கே மாறியது. அறுபது வருடமாக அவர் ஒரே ஒரு விஷயத்தைப் படித்து வந்திருந்தார். யூத மறைஞானிகள் கடவுளின் முகம் என்று எதைச் சொன்னார்கள் என்பதுதான் அது. தலைக்குள் இருந்ததை இனி எழுதக் கண் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கும் இடைவேளையில் அவர் சொல்லுவார், அவள் கொப்பியில் எடுத்து, ஓய்வு நாளில் இல்லத்துக் கந்தோரின் பழைய மெஷினில் தட்டித் தர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அன்பினால் அவள் இதற்குச் சம்மதிக்கவில்லை. விரல்கள் மறந்துபோகாமல் இருக்கட்டும் என்றுதான் சம்மதித்தாள்.

முதல் மாதம் முழுக்க அவளுக்கு உள்ளே சிரிப்பாகத்தான் இருந்தது. கடவுளுக்கு உருவமில்லை, படம் கீறினால் பாவம் என்று சொல்லுகிற சனம், அவருடைய நெற்றி, மூக்கு, கன்னம், தாடி என்று மயிர் மயிராக எண்ணி வைத்திருக்கிறது! முகங்கள் மொத்தம் ஐந்தாம். அவற்றில் பெரிய முகம் ஒன்று இருக்கிறதாம், அதற்கு நீண்ட முகம் என்று பேர், பொறுமை என்று பொருள். அதன் தலைமயிர் வெளுத்த கம்பளி போன்றது. கண்ணுக்கு இமை கிடையாது, காவல் இருப்பவன் உறங்குவதில்லை என்பதால். இடது கண்ணும் கிடையாது, அங்கே எல்லாம் வலது, எல்லாம் கருணை. தாடி பதின்மூன்று பகுதியாக இறங்குகிறது, கருணை அதன் வழியாகத்தான் கீழே வருகிறது. அதற்குக் கீழே சின்ன முகம். கறுத்த மயிர், சிவந்த கண்கள், சட்டென்று வரும் கோபம். நாங்கள் இந்த உலகத்தில் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் என்றார் கிழவர்.

"ஆண்டவருக்குச் சவரக்காரன் வைத்த கணக்குப்போல இருக்கிறது," என்று ஒருநாள் சொல்லியே விட்டாள்.

கிழவருக்குக் கோபம் வரவில்லை. "மூடர்கள் எல்லாரும் அப்படித்தான் முதலில் நினைப்பார்கள். அடுத்த ரக மூடர்கள் அதை நம்பிவிடுவார்கள். எங்கள் மொழியில் முகம் என்ற சொல்லுக்கு ஒருமை கிடையாது, அம்மா. எப்போதும் பன்மைதான். திரும்புவது என்ற வினையின் குடும்பத்துச் சொல் அது. எது உங்கள் பக்கம் திரும்புகிறதோ அதுதான் முகம். மூக்கும் தாடியும் எழுதியவனுக்கு வேறு சொல் கிடைக்காததன் அடையாளம். எழுதுங்கள்."

எழுதினாள். முகத்துக்கு ஒருமை இல்லை என்பது மட்டும் அவளுக்கு உடனே சரியென்று பட்டது. திணைக்களத்தில் இருபது வருடம் வேலை செய்தவளுக்கு அதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சனிக்கிழமைகளில் கிழவர் எழுத விடமாட்டார். அன்று பின்னேரம் பெரிய முகத்தின் நெற்றி திறக்கும், தீர்ப்புகள் எல்லாம் அடங்கும் என்று அந்த மறைஞானிகள் சொல்லியிருந்தார்களாம். அந்த நேரத்தில் ஜன்னலோரம் கதிரையைப் போடச் சொல்லிச் சும்மா இருப்பார். யாரையும் ஏசமாட்டார். ஏழு நாளில் இரண்டு மணித்தியாலம் மனுசனாக இருப்பதற்கு இவ்வளவு படிப்பா என்று சிவமலர் நினைத்துக்கொள்வாள். ஆனாலும் சனிக்கிழமை ஷிப்டை மாற்றித் தரும்படி மற்றவர்கள் கேட்டபோது அவள் மாற்றவில்லை.

தட்டிய தாள்களை வாசித்துக் காட்டும்படி கிழவர் ஒவ்வொரு முறையும் கேட்டார். பிழை திருத்தியே வாழ்ந்த மனுசனுக்கு அது பழக்கம். "தேவையில்லை. நான் பிழை விடுறேல்லை," என்று அவள் ஒவ்வொரு முறையும் மறுத்தாள், முதல் பாதியை ஆங்கிலத்திலும் இரண்டாவதைத் தமிழில் தனக்குள்ளும்.

ஆர்ச்வே முருகன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவாள். அங்கே ஸ்ரீஸ்கந்தராஜா என்ற ஒருவர் இருந்தார். பகலில் கவுன்சிலில் வேலை, பின்னேரத்தில் ஆன்மிகச் சொற்பொழிவு. எந்தப் பட்டமும் கிடைக்காதவர் என்பதால் எல்லாப் பட்டங்களையும் தானே போட்டுக்கொள்வார். உலகத்தில் எவன் எதைச் சொன்னாலும் அது எங்களிடமிருந்து போனது என்று நிறுவுவதுதான் அவருடைய தொழில். அவள் அவரைச் சமையலறையில் ஓடும் கரப்பானைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்து வந்தாள். ஆனாலும் தொண்ணூறாம் ஆண்டில் ஒருநாள் அவர், "தங்கச்சி கிழடுகளைத் துடைக்கிற வேலையோ? பாவம்," என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டார். அவளுக்குச் சுரீர் என்றது. தான் என்ன தட்டுகிறாள் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிப்போட்டாள்.

"ஒருக்கால் பாக்கத் தாருங்கோவன் தங்கச்சி."

கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் தான் வெறும் வேலைக்காரி இல்லை என்று அந்த நாலு பேருக்கும் தெரியட்டும் என்ற ஆசை. கார்பன் பிரதியில் நாற்பது பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அடுத்த வருடம் மனோர் பார்க்கில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் நூல் வெளியீடு நடந்தது. யூதரும் கண்ட ஐந்து முகம் என்று தலைப்பு. அட்டையில் ஒளிவட்டத்தோடு தாடிக் கடவுள், பெரிய கண்கள் இரண்டு. சிவமலர் பின் வரிசையில் இருந்து பக்கங்களைப் புரட்டினாள். அவளுடைய நாற்பது பக்கங்களும் தமிழில் இருந்தன. ஸில்பர்மானின் பேர் எங்கும் இல்லை. அந்த மறைஞானிகள் ஐந்து முகம் என்று பிரித்தது சதாசிவத்தின் ஐந்து முகத்தைப் பார்த்துத்தானாம். அது கிடக்கட்டும். பதினெட்டாம் பக்கத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

"இறைவன் திருமுகத்திலிருந்து பதின்மூன்று அப்பங்கள் இறங்குகின்றன. இது நம்முடைய படையலையே குறிக்கும்."

அப்பமா? ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆங்கிலத்தில் தாடிக்கும் பாண் ரொட்டிக்கும் அதே ஐந்து எழுத்துகள். பியேர்ட், பிரெட். இடம் மாறினால் போதும். அவளுடைய விரல்தான் மாற்றியிருக்கிறது. அந்த மனுசன் முன்னும் பின்னும் பார்க்காமல் அதை அப்பம் என்று மொழிபெயர்த்து, அதற்கு நாலு பக்கத்தில் விளக்கமும் எழுதியிருக்கிறார்.

மேடையில் ஸ்ரீஸ்கந்தராஜாவின் பேச்சும் அப்பத்துக்குத்தான் வந்திருந்தது. சபை தலையாட்டிக்கொண்டிருந்தது. சிவமலர் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். பேசினால் இவரை மட்டும் அல்ல, தன்னையும் சேர்த்துத்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். எழுந்து நின்றாள்.

"அண்ணை, ஒரு கேள்வி. அட்டையிலை எத்தினை கண்?"

"இதென்ன கேள்வி? ரண்டு."

"பன்னிரண்டாம் பக்கத்திலை ஒண்டெண்டு எழுதியிருக்கிறியள். இடது கண் இல்லையெண்டு. உங்கடை புத்தகத்தை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

அவர் சிரித்தார். "தங்கச்சிக்குத் தத்துவம் விளங்கேல்லை."

"தத்துவத்தை விடுங்கோ. அப்பத்தைக் கேளுங்கோ. அது அப்பமில்லை, தாடி. இங்கிலீசிலை எழுத்து மாறிப் போச்சு. அது நான் தட்டினது, நான் விட்ட பிழை. சொன்னவர் ஸில்பர்மான் எண்ட ஒரு கிழவர், கண் தெரியாது. உங்களுக்குக் கண் இருக்கு. ஒரு மனுசன்ரை முகத்திலையிருந்து பாண் ஏன் இறங்குதெண்டு ஒருக்கால் யோசிச்சிருக்கலாமே?"

எங்கோ ஒரு மூலையில் ஒருவர் சிரித்தார், உடனே அடக்கிக்கொண்டார். முன்வரிசைப் பெண்ணொருத்தி, "ஒரு நல்ல காரியத்திலை வந்து நிண்டு கத்துறா, கலியாணம் காட்சி இல்லாததுகள் இப்பிடித்தான்," என்றாள். கூட்டத் தலைவர் எல்லாரையும் சிற்றுண்டிக்குக் கூப்பிட்டார். அன்று கொண்டுவந்த புத்தகங்கள் எல்லாம் விற்றுப்போய்விட்டன. சிலர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தாடியோ அப்பமோ, அவர்களுக்கு எது இறங்கினாலும் சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை கிழவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாள்களை அந்நியனிடம் கொடுத்ததையும் சொன்னாள், எழுத்து மாறியதையும் சொன்னாள். இரண்டாவதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

ஸில்பர்மான் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்தது, இருமலுக்கு நடுவிலும் சிரித்தார். தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

"பதின்மூன்று அப்பம்! பேராசிரியர்கள் இதைவிட மோசமாக எழுதியிருக்கிறார்கள், அம்மா. இவன் பரவாயில்லை, பசிக்காவது உதவும்."

"உங்கள் பேர் எங்கும் இல்லை."

"அப்பத்துக்குக் கீழே என் பேர் வேண்டுமா?" தண்ணீர்க் கிளாஸை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "நாற்பது வருடம் பிழை திருத்தினேன். ஒரே ஒரு நூலின் முதல் பக்கத்தில், மிகப் பெரிய எழுத்தில், ஒரு பிழையை விட்டேன். இன்றைக்கு வரைக்கும் ஒருவரிடமும் சொன்னதில்லை. இனி வாசித்துக் காட்டுவீர்களா?"

"வாசிக்கிறேன்," என்றாள்.

அன்றைக்கு முதல் தட்டிய ஒவ்வொரு தாளையும் உரக்க வாசித்தாள். மேலும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் கிழவர் இறந்தார். மகன் வந்து அரை நாளில் அறையைக் காலி செய்தார். சுருக்கெழுத்துக் கொப்பிகள் ஏழையும் புரட்டிப் பார்த்து, "இது என்ன, அரபியா?" என்று கேட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். நாலு கொப்பிதான் அதுவரை தட்டி முடிந்திருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு ஸ்ரீஸ்கந்தராஜா எட்மண்டனுக்கே வந்தார். கையில் ஒரு பெட்டி லட்டு.

"தங்கச்சி, பழசை மறப்பம். இரண்டாம் பாகம் எல்லாரும் கேக்கினம். மிச்சத்தைத் தந்தால் முன்னுரையிலை உங்கடை பேரையும் போடுவன்."

அவள் ஒரு கொப்பியை விரித்து அவருக்கு முன்னால் வைத்தாள். கோடும் புள்ளியும் வளைவுமாக இருந்ததை அவர் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இதை என்னெண்டு வாசிக்கிறது?"

"உங்களுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லைத்தானே, அண்ணை. பிறகென்ன?"

கனகலிங்கம் உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தபோது அவர் படியிறங்கிவிட்டார். லட்டுப் பெட்டியைக் கொண்டுபோக மறந்துபோனார். தம்பி அதைச் சாப்பிட்டான், அவள் தொடவில்லை.

தட்டி முடிந்த நாலு கொப்பியின் தாள்களையும் மறுபடி ஒரு சொல் விடாமல் சரிபார்த்து, நகர நடுவில் இருந்த ஒரு யூத நூல்நிலையத்துக்குக் கொண்டுபோனாள். மேசையில் இருந்த கனவான் கட்டைத் திறக்காமலே, எழுதியவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். அச்சகம் என்றாள். அப்படியானால் நீங்கள் என்றார். தட்டெழுத்தாளர் என்றாள். அவர் மூக்கின் நுனியைத் தொட்டுக்கொண்டு, வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

ஒன்றரை வருடம் கழித்துப் போன் பண்ணி விசாரித்தாள். கட்டு ஒரு பெட்டிக்குள் இலக்கம் போட்டு இருக்கிறது, ஒரே ஆள் மூன்று தடவை எடுத்துப் படித்திருக்கிறார் என்றாள் போனில் பேசிய பெண். யார் என்று சொல்ல முடியாதாம். மிச்சம் இருக்கிறதா என்று அந்த ஆள் விசாரித்தாராம்.

"ஆரோ ஒரு விசர் பிடிச்சவனாத்தான் இருக்கும்," என்று சிவமலர் தம்பியிடம் சொன்னாள்.

அடுத்த கிழமை மெஷினுக்குப் புதிய ரிப்பன் வாங்கிக்கொண்டு வந்து, ஐந்தாவது கொப்பியைத் திறந்தாள்.