ஜிலேபி வலையில் ஓர் ஆமையும் நானும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் ஒருவர் மீன் குத்தகை எடுத்திருக்கிறார். ஜிலேபி மீனுக்காக மாலையில் வலை கட்டிவிட்டுக் காலையில் வந்து எடுப்பார். மீனோடு தண்ணீர்ப் பாம்பும் நீர்க்காகமும் செத்து வரும். கரையில் வீசிவிட்டுப் போவார். கேட்டால், “அதுகளுக்கா நான் வலை கட்டுறனுங்க? அதுகளா வந்து உழுகுதுங்க” என்று மரியாதையாகத்தான் சொல்வார். தினமும் காலையில் அந்தக் கரையில் நடக்கப் போகிற எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்பே போய்விட்டேன். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, வலையில் ஓர் ஆமை சிக்கியிருந்தது. மூக்கை மேலே நீட்ட முடியாமல் எக்கி எக்கித் தவித்தது. யோசிக்காமல் இறங்கிவிட்டேன். நெஞ்சளவு தண்ணீர்தான்.

போட்டிருந்தது பனியன் கம்பெனியில் கழித்த சாம்பிள் டி-சர்ட். திருப்பூரில் பாதிப் பேர் உடம்பில் வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்ற துணிதான் இருக்கும். இதில் கழுத்திலிருந்து தொப்புள் வரை பொத்தான், தோளுக்கு ஒரு கொக்கி வேறு. எந்தப் புண்ணியவான் டிசைன் செய்தானோ. ஆமையைத் தூக்கிப் பிடித்ததும் ஒரு பொத்தான் வலையில் மாட்டியது. அதை எடுக்கத் திரும்பினால் அடுத்தது. கால் சேற்றில் புதைந்தது. இழுக்க இழுக்க வலை கழுத்துக்கு வந்தது. பயந்துவிட்டேன். ஒரு கையால் ஆமையைத் தாங்கிக்கொண்டு, மறு கை விரல்களை வலைக்கும் தொண்டைக்கும் நடுவே கொடுத்தபடி அப்படியே நின்றேன். இரண்டு பேருக்கும் மேல்மூச்சு வாங்கியது.

ஒருவழியாகக் குத்தகைக்காரர் பரிசலில் வந்தார். இடுப்பில் ஒரு துண்டு, மற்றபடி வெற்றுடம்பு.

“ஏனுங்க, பொத்தான் வெச்ச சட்டையோடயா வலைக்குள்ள எறங்குவாங்க? ஆடாம நில்லுங்க.”

கத்தியை எடுத்தார். வலையில் ஓர் இழைகூட அறுபடாமல், என் சட்டையை மட்டும் கிழித்து உருவினார்.

“இதையும் எடுத்து உட்டுருங்க. இன்னும் உசுரு இருக்குதுங்க” என்றேன்.

“இருக்கறதுதானுங்க தொந்தரவே. காலை உள்ள இழுத்துக்கிச்சுன்னா வலையை அறுத்தாத்தான் வரும். செத்துட்டாத் தானாத் தளந்துக்கும்ங்க. அப்பறம் நோகாம உருவிக்கலாம்.”

ஒரு கையால் என்னைப் பரிசலோடு சேர்த்துப் பிடித்தார். மறு கையால், ஆமைக்கு அடியிலிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.