கட்டைவிரலும் பெருச்சாளியும்

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால், பெருச்சாளிகள் எங்கள் காம்பவுண்டு சுவருக்கு அடியில் மண்ணைப் பறித்துப் பறித்து, சுவர் நாலு விரல்கடை சாய்ந்தபோது, துப்பாக்கியை எடுத்தது என் வீட்டுக்காரர் இல்லை. நான்தான்.

துப்பாக்கி என்றதும் பயந்துவிட வேண்டாம். ஏர் கன். என் தம்பி கேளம்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக்கொண்டு போனபோது, "பத்தாவது மாடில நின்னு இதால நான் யாரை சுடறது" என்று எங்கள் பெருங்களத்தூர் வீட்டுப் பரண்மேல் போட்டுவிட்டுப் போனது. அதற்கு முன்னால் எலிக்கூண்டு வைத்துப் பார்த்தோம். தேங்காய்ச் சில்லுக்கு ஆசைப்பட்டு அணில்தான் மாட்டியது. மருந்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் தெருவில் யாரோ வைத்த மருந்தைத் தின்ற எலியைக் கவ்விவிட்டு, தினம் என்னிடம் பிஸ்கட் வாங்கித் தின்ற நாய் ஒன்று நுரை தள்ளிச் செத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காலேஜில் படிக்கும்போது என்.சி.சி. மாணவர் படையில் இருந்தேன். காக்கி உடுப்பு, குப்புறப் படுத்து பாயிண்ட் டூ டூ ரைபிளில் சுடுவது எல்லாம் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, ஐந்து குண்டும் இலக்கு அட்டையில் ஒரு டம்ளர் வாய் அளவுக்குள் அடங்கிவிடும். அந்தத் திமிர் ஐம்பத்தாறு வயதிலும் உள்ளே இருந்தது. கைதான் பழைய கை இல்லை.

இரண்டு கட்டைவிரலுக்கும் அடியில், மணிக்கட்டோடு சேரும் இடத்தில், எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். சாக்பீஸ் பிடித்துப் பிடித்து வந்ததா என்று கேட்டேன். "வயசும் ஒரு காரணம் மேடம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. இட்லித் துணியைப் பிழிய முடியாது. சில நாள் காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் போர்டில் எழுதுவதை மட்டும் விடவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குத் தொகை நுண்கணிதம் நடத்தும்போது வலி எங்கே போகிறது என்றே தெரியாது. அந்த வகுப்பு இருக்கிற வரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏர் கன்னில் ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வொரு முறையும் அதன் குழலை நடுவில் மடக்கி, கிளிக் என்று சத்தம் வரும்வரை கீழே இழுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஸ்பிரிங் இறுகும். அப்புறம் குழலின் பின்பக்க ஓட்டையில் மிளகு அளவு பெல்லட் ஒன்றை வைத்து, குழலை நிமிர்த்த வேண்டும். முதல் நாள் நானே இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் கட்டைவிரலில் சுரீர் என்று ஒரு வலி; துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"குடு, நான் இழுக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் ஆபீஸ் வேலையிலிருந்து ரிடையர் ஆகி இரண்டு வருஷம். கொசுவைக்கூட அடிக்காமல் ஊதித் தள்ளிவிடுகிற ஆள். சங்கடஹர சதுர்த்தி தவறாமல் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை போடுவார். "அது பிள்ளையார் வாகனம்ப்பா" என்று முதலிலேயே இழுத்தார். "வாகனம்னா ஒழுங்கா பார்க்கிங்ல நிக்கட்டும், என் சுவத்துக்கு அடியில என்ன வேலை" என்றேன். அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவரை யாராலும் ஜெயிக்க முடியாது.

ஆக, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேட்டைக்காரர் ஆனோம். விடிகாலை ஐந்தரைக்கு நான் கல் உப்பு போட்ட வெந்நீரில் கையைப் பத்து நிமிஷம் ஊறவைப்பேன். விரல்கள் கொஞ்சம் இளகும். வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றிவிடுவது அவர் வேலை. துப்பாக்கியின் பிடியில் பழைய டர்க்கி டவலைக் கிழித்துச் சுற்றியிருந்தோம். பிடி தடிமனாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. துவைக்கிற கல்மேல் ஒரு தலையணை, அதன்மேல் துப்பாக்கி. ஆள்காட்டி விரல் மடங்க மறுத்ததால் விசையை நடுவிரலால் இழுக்கக் கற்றுக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் பெருச்சாளி சுவரோரத்து வளையிலிருந்து தலையை நீட்டும். அதற்குப் பின்னால் மண்மேடு, ஆள் நடமாட்டம் கிடையாது. அவர் இழுத்து, பெல்லட் போட்டு, மூடி என் கையில் தருவார். நான் வளையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்.

முதல் பத்து நாளில் மூன்று விழுந்தன. மூன்றுக்கும் ஒவ்வொரு குண்டுதான். மூன்றாவது மட்டும் உடனே சாகவில்லை. கொஞ்ச நேரம் கத்தியது. கேட்க நன்றாக இல்லைதான். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் அதைப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு வந்து, அன்றைக்கு டிபன் சாப்பிடவில்லை. வெயில் காலம், பசி இல்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றுகூட விழவில்லை.

ஒரு நாள் தவறினால் சரி. தொடர்ந்து ஐந்து வாரம். பெருச்சாளி அசையாமல் நிற்கும், நான் மூச்சைப் பிடித்து விசையை இழுப்பேன், டப் என்று சத்தம் வரும், அது வளைக்குள் ஓடிவிடும். அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "ஒரு ஜாண் இடது பக்கம் போயிடுச்சு" என்பார். மறுநாள் நான் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் பிடிப்பேன். "இன்னிக்கு மேல போச்சு" என்பார். அடுத்த நாள் தாழ்த்துவேன். அதுமட்டுமில்லை, ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி கையில் உதைத்தது. முதல் மூன்று முறை அப்படி உதைத்ததாக நினைவில்லை. கட்டைவிரல் அடி வீங்கி, டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

குறி தப்புகிறது, வலி கூடுகிறது. கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கை போய்விட்டது என்று முடிவு கட்டினேன். முப்பது அடி தூரத்தில் நிற்கிறதை அடிக்க முடியாத கை, போர்டில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கோடு போடும்போது நடுங்கிவிட்டால்? பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள், பரிதாபப்படுவார்கள். அதைத் தாங்க முடியாது. மே மாதக் கடைசியில் தலைமை ஆசிரியைக்கு லெட்டர் எழுதினேன். பன்னிரண்டாம் வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்கு எட்டாம் வகுப்பு போதும் என்று. எழுதினேன் என்றா சொன்னேன், விரல் வலியில் டைப் செய்ய முடியாமல் நான் சொல்லச் சொல்ல அவர்தான் போனில் டைப் செய்தார். அனுப்பிவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம் இருக்கும். வீம்புக்கு வேட்டையை மட்டும் நான் விடவில்லை; ஒரு நாள் காலையில் குழல் தொளதொளவென்று மடங்கியது. ஸ்பிரிங் போய்விட்டது. தம்பிக்குத் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒருவர் வண்டலூரில் இருந்தார். சனிக்கிழமை துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். ரிப்பேர்க்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, உடைந்த ஸ்பிரிங்கை மேஜைமேல் போட்டார்.

"யாரு மேடம் இத்த காலியா அடிச்சிகினு இருந்தது?"

"காலியாவா? இல்லையே, பெல்லட் போட்டுத்தான் சுட்டோம்."

"இன்னா மேடம், நான் எத்தினி வருசமா இத்த பாக்கறேன். பெல்லட் இருந்தா உள்ள காத்து தாங்கும். இல்லாங்காட்டி பிஸ்டன் நேரா போயி டமார்னு இடிக்கும். ஸ்பிரிங்கும் காலி, பிடிச்சிகினு கீற கைக்கும் நல்லா உதை. ஒரு தபா ரெண்டு தபா இல்ல, மாசக் கணக்கா அடிச்சிகிறாங்க."

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ராகுகாலம் எப்போது என்று அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

புது ஸ்பிரிங் போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"அந்த மூணாவது கத்திச்சுல்ல. அதுலேர்ந்து."

"அப்ப இடது பக்கம், மேல, கீழனு சொன்னதெல்லாம்?"

"ஏதாவது சொல்லணுமே."

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. "என்கிட்ட நேரா, வேணாம் நிறுத்துனு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"சொன்னேனே, பிள்ளையார் வாகனம்னு. நீ பார்க்கிங்னு சிரிச்ச." என் செருப்பையும் ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டே, "உன் கை நடுங்கவே இல்ல. நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார்.

"அதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா, அப்புறம் ஏன் படலைனு கேப்ப."

அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்து வைத்தேன். அதையும் டொக் என்றுதான் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெந்நீர் வைத்துக் கையை ஊறவைத்துக்கொண்டு, அவரை எழுப்பினேன். "வாங்க. ஒண்ணே ஒண்ணு. என் கண்ணு முன்னால பெல்லட்டைப் போடுங்க." அவர் குழலை மடக்கினார். உள்ளங்கையில் பெல்லட்டை வைத்துக் காட்டினார். ஓட்டையில் வைத்து அழுத்தினார். மூடினார். கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் வளையிலிருந்து தலை வந்தது. நல்ல பெரிசு. பக்கத்தில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு குண்டு எனக்குத் தேவைப்பட்டது. இழுத்தேன். அது சத்தமே இல்லாமல் சாய்ந்தது. கையில் உதை இல்லை, வலி வழக்கமான வலிதான். சந்தோஷமாக இருந்தது. பாவம் என்றும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

அவர் போய்ப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து படியில் உட்கார்ந்தார். இனிமேல் இது வேண்டாம், கொத்தனாரைக் கூப்பிட்டு வளையில் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் போட்டு அடைத்துவிடலாம் என்றேன். தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு லெட்டர் ஞாபகம் வந்தது. முந்தின நாள் இருந்த ஆத்திரத்தில் அதை யோசிக்கவே இல்லை.

"எலி மேல பரிதாபம், சரி. 'என் கைகள் முன்போல் ஒத்துழைக்கவில்லை'னு நான் சொல்ல நீங்கதானே டைப் பண்ணீங்க. அது பொய்னு தெரிஞ்சுதானே பண்ணீங்க?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"அப்பவாவது ஏன் நிறுத்தல?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். தலை எப்போதோ காய்ந்துவிட்டது.

"பிளஸ் டூன்னா ஸ்பெஷல் கிளாஸ், நீ வர ஆறு மணி ஆயிடும்" என்றார். "எட்டாவதுன்னா மூணரைக்கு வந்துடுவ."

"நான் சீக்கிரம் வரணும்னா?"

"கொஞ்சம்."

முப்பது வருஷமாக நான் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ரிடையர் ஆன பிறகு அவர் பகலெல்லாம் என்ன செய்கிறார் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதற்காக அவர் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. என் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். எழுந்து உள்ளே போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன். அவருடையதில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவரும் கேட்காமல் குடித்தார்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் வகுப்பைத் திரும்பக் கேட்டேன். புதிதாக வந்த சார் இரண்டு பாடம் முடித்துவிட்டார், பாதியில் மாற்றினால் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்றார் அந்த அம்மா. நியாயம்தான். "அடுத்த வருஷம் எடுத்துக்குங்க மிஸ், கை பரவாயில்லன்னா." அடுத்த வருஷம்தான் எனக்கு சர்வீஸில் கடைசி வருஷம். கை பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்றரைக்கு என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட கேட் பக்கத்தில் ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருந்தார். வகுப்பு கிடைத்ததா என்று கேட்கவில்லை, கேட்கப் பயம். நானே சொன்னேன்.

"அடுத்த வருஷம் தரேன்னாங்க. ஆறு மணி ஆகும், சொல்லிட்டேன்."

"சரி."

"நீங்க தனியாத்தான் இருக்கணும்."

"தெரியும்" என்றார். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வருஷம் மூணரைக்குத்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.