பவுடர் படாத கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து எனக்கே சில சமயம் விளங்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். தப்பு இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு இந்த அளவுக்குக்கூட வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஸ்டூடியோவில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். முதலாளி படம் எடுப்பார். நான் உள் அறை வேலை. ஆட்களிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த அறை எனக்குப் பிடித்திருந்தது. தொண்ணூறுகளில் பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால்தான் கலர் பூசுவேன். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, மையில் தொட்டு, உதட்டுக்குக் கொஞ்சம், சேலைக் கரைக்குக் கொஞ்சம். ஒரு படத்துக்கு அரை நாள் போகும்.

2001-இல் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அவருடைய மச்சினர் ஒரு வாரம் வந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் படமாகவும் இடமாகவும் மனப்பாடம் செய்தேன். பிரஷ் படம் போட்டது கலர் பூச. ரப்பர் ஸ்டாம்ப் படம் போட்டது பூஞ்சைப் புள்ளிகளை மறைக்க. மேல் வரிசையில் மூன்றாவதைத் திறந்து, கீழே நாலாவதை அமுக்கினால் வெளிச்சம் கூடும், குறையும். இன்றைக்கும் அப்படித்தான். யாராவது அந்த வரிசையை மாற்றிவிட்டால் நான் கண் தெரியாதவன் மாதிரி ஆகிவிடுவேன்.

பழகுவதற்காக நான் முதலில் கலர் போட்டது என் அப்பாவின் படத்துக்கு. பாஸ்போர்ட் சைஸ் படம், கழுத்துவரைக்கும்தான் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவர் இறந்துபோனார். கலர் போட்டு, பெரிதாக்கி, பிரேம் போட்டு வீட்டில் மாட்டினேன். அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "நல்லாருக்கு" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வருடங்களில் பழைய படங்கள் நிறைய வந்தன. சுவரில் இருந்து பிரேமோடு கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். பிரேமைப் பிரித்தால் பின்பக்க அட்டையில் பல்லி முட்டை ஒட்டியிருக்கும். ஒருதடவை அக்கா தங்கை இரண்டு பேர், அவர்களுடைய அம்மாவின் சேலை மாம்பழக் கலரா, கிளிப்பச்சையா என்று கடைக்குள்ளேயே சண்டை போட்டார்கள்.

"ஒனக்கென்னடி தெரியும், நீ அப்ப தொட்டில்ல கெடந்த."

"தொட்டிலே அந்தச் சேலையிலதான கட்டுனது! எனக்குத் தெரியாம ஒனக்குத் தெரியுமா?"

கருப்பு வெள்ளையில் இரண்டு கலரும் ஒரே சாம்பல்தான். அக்காவுக்குச் சத்தம் அதிகம் என்பதால் மாம்பழக் கலர் போட்டுக்கொடுத்தேன்.

சேலைக்குத்தான் சண்டை. முகத்துக்கு யாரும் சண்டை போட்டதில்லை. அதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். "மொகத்த மட்டும் ரெண்டு படி ஏத்திரு. எங்கப்பன் ஏன் இம்புட்டுச் செவப்புன்னு எவனும் சண்டைக்கு வரமாட்டான்" என்பார். திரையின் ஓரத்தில் தோலுக்காக மூன்று சதுரங்கள் சேமித்து வைத்திருந்தேன். ஒன்று நல்ல சிவப்பு. ஒன்று சிவப்பு. மூன்றாவது மாநிறம். அதற்குக் கீழே சதுரம் கிடையாது. இத்தனைக்கும் நானே அந்த மூன்றுக்கும் கீழேதான். அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

2004-இல் கன்னிவாடியில் இருந்து ஒரு பெண் வந்தது. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நல்ல கருப்பு. கழுத்தில் சின்னதாகச் சிலுவை. கொண்டுவந்த படம் அதனுடைய அப்பா அம்மா படம். கல்யாணம் ஆன வாரத்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கையை நாற்காலிக் கையின்மேல் வைத்திருந்தார். அம்மா பக்கத்தில் நின்று, நாற்காலி முதுகைப் பிடித்திருந்தார்.

"என்ன கலர்லம்மா போடணும்?" என்று முதலாளி கேட்டார்.

"நான் ஒன்னும் சொல்லமாட்டேன் சார். படத்துல என்ன இருக்கோ அது வரட்டும்."

யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டிருக்கலாம். நான் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டேன். படத்தில் அப்பாவின் முகம் நல்ல வெளிச்சமாக இருந்தது. வழக்கம்போல முதல் சதுரத்தை எடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தது. படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்காக வாசல்வரைக்கும் போய்ப் பார்த்தது. திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"சார், இது படத்துல இருந்த கலர்தானா?"

"உள்ளதுதாம்மா. பாரு, ராசா மாதிரி இருக்காரு."

"அப்ப எங்கம்மா சொன்னது பொய்யா?"

அந்தப் பெண் கவுண்டரைப் பார்த்தபடியே சொன்னது. அது கைக்குழந்தையாக இருக்கும்போது அப்பா தோட்டத்து மோட்டாரில் கரண்ட் அடித்து இறந்துவிட்டார். அம்மா சிவப்பு, பிள்ளை கருப்பு. ஒங்கப்பா மாதிரிடி என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். பெரியப்பா வீட்டில் மட்டும், எந்தச் சண்டை வந்தாலும், இந்தப் படத்தைக் காட்டி, 'எங்க தம்பி என்ன கலரு, இந்தப் புள்ள என்ன கலரு' என்று இழுப்பார்களாம். அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா படத்தை இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்ட வேண்டும். பெரியப்பாவும் வருவார்.

"இத மாட்டுனா எங்கம்மாவ அவங்க சொன்னது நெசம்னு ஆயிரும்" என்றது.

"அது நான் போட்டது."

என் குரல்தான். உள் அறையில் இருந்து எப்போது வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"படத்துல இல்லம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். ஒங்கப்பாவுக்கும் போட்டுட்டேன். ஒரு நாள் பொறுத்துக்கங்க."

அந்தப் பெண் போனதும் முதலாளி, "வெளியவே வரமாட்ட. வந்தா, கடைய மூடிட்டுத்தான் போவ போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுபடி அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். முகம் முகமாகத்தான் இருந்தது, வெளிச்சமாக. அதில் எந்தக் கலரைக் கண்டுபிடிப்பது? நகர்த்திக்கொண்டே போனபோது நாற்காலிக் கையில் இருந்த கை வந்தது. அங்கேயே நிறுத்தினேன். முகத்துக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. கை, முகத்தைவிட மூன்று மடங்கு கருப்பு. கழுத்தில் சட்டைக் காலருக்கு மேலே ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே வெளுப்பு, கீழே கருப்பு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஸ்டூடியோ கண்ணாடிக்குக் கீழேயும் பவுடர் டப்பா இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு நானே பஞ்சை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் முகத்துக்குத்தான் போடுவார்கள். கைக்கு யார் பவுடர் போடுவார்கள்?

ஆனாலும் சாம்பல் சாம்பல்தான். எவ்வளவு கருப்பு என்று அளக்க ஏதாவது வேண்டும். படத்தில் அம்மாவின் கையும் இருந்தது. அந்த அம்மா உயிரோடு இருக்கிறார். அவருடைய கைக் கலர் தெரிந்தால், அதை வைத்து இதைப் பிடித்துவிடலாம். மறுநாள் அந்தப் பெண் வந்தபோது இதைச் சொல்லத் தெரியாமல், "அம்மாவக் கூட்டிட்டு வாங்க, அவங்க கையப் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

"எப்பருந்துப்பா கைரேகை பாக்க ஆரம்பிச்ச?" என்றார் முதலாளி. அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் திரையில் அதனுடைய அப்பாவின் கையைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தது.

சனிக்கிழமை மதியம் அம்மாவும் மகளும் வந்தார்கள். ஃபேன் காற்று படும் இடத்தில் அந்த அம்மாவுக்கு ஸ்டூல் போட்டேன். மானிட்டர் பக்கத்தில் கையை வைக்கச் சொன்னேன். வைத்தார். புறங்கை முழுக்க வெயிலில் கருத்து, தோல் தடித்துப் போயிருந்தது. படத்தில் இருக்கிற கை இது இல்லை. நான் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவருக்கே புரிந்துவிட்டது. "இது காட்டுல வெந்த கை தம்பி. இந்தா, இங்க பாரு" என்று வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றினார். வளையல் கிடந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தது. அந்தக் கலரை எடுத்துப் படத்தில் அவருடைய கைக்குப் போட்டேன். சரியாக உட்கார்ந்தது. பிறகு அதில் இருந்து இறங்கி இறங்கி, அவர் புருஷனின் கைக்கு வந்தேன். என்னுடைய மூன்று சதுரங்களையும் தாண்டிப் போனது. முகத்தின் வெளிச்சத்தைக் கையின் அளவுக்குக் குறைத்து, அதே கலரை முகத்தில் விட்டேன்.

பவுடர் போனதும் முகத்தில் ஒரு ஆள் வந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. கண் பளிச்சென்று ஆனது.

அந்த அம்மா ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டார். "வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. அந்தப் போட்டாக்காரன் விட்டாத்தான? பவுடர அம்புட்டையும் அப்பிவிட்டுட்டான். வெளிய வந்து துண்ட நனச்சு அழுந்தத் தொடச்சாரு. மாவு மில்லுல இருந்து வாறாப்ல இருக்குன்னு நான் சிரிச்சேன்." இதைச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். "நான் சொன்னேன்ல?"

அந்தப் பெண் தன் கையைக் கொண்டுபோய் திரையில் அப்பாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தது. நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

நான் திரும்பியபோது அது முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தது: "சார், இன்னொரு காப்பி போடுங்க. இதவிடப் பெருசா. பெரியப்பா வீட்டுக்கு."

"பெரியப்பாவுக்கு பிரேமும் சேத்தாம்மா?"

"கண்ணாடி பிரேமா போடுங்க சார். நல்லாத் தெரியணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த இடம் அமையவில்லை என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருடம் வேறு இடம் அமைந்தது. பெரியப்பா வீட்டில் அந்தப் படத்தை மாட்டினார்களா என்று தெரியாது. என்னிடம் மட்டும் ஒன்று மாறியது. திரை ஓரத்தில் நாலாவதாக ஒரு சதுரம் சேர்த்தேன். அதற்குக் கீழே ஐந்தாவதும். படம் கொண்டுவருகிறவர்களிடம் நானே வெளியே வந்து, "ஆள் என்ன கலரா இருப்பாங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். பாதிப்பேர் யோசிப்பார்கள். பலபேருக்கு ஞாபகம் இருக்காது.

போன வாரம் அந்தப் பெண் தன் மகளோடு கடைக்கு வந்தது. எல்.கே.ஜி. சேர்க்கப் படம் எடுக்க வேண்டுமாம். முதலாளி பழக்கத்தில் பஞ்சால் குழந்தையின் முகத்தில் பவுடரை ஒற்றிவிட்டார். அந்தப் பெண் கர்ச்சீப்பை நனைத்து முகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. "இருக்கிறபடி எடுங்க சார்" என்றது. குழந்தை அசல் அந்தப் பழைய படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அண்ணே, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றேன். என் முதல் சதுரத்தில் சிவப்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையில் என்ன கலர் என்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. எட்டு வருடமாகத் தினமும் இதையே பார்த்துப் பார்த்து, நான் பூசினதுதான் எனக்கு அப்பாவாக ஆகியிருந்தது. இந்தப் படத்தில் கையும் கிடையாது.

"அம்மா, அப்பா என்ன கலர்ல இருப்பாரு?"

வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்" என்றாள். "கண்ணாடியப் போய்ப் பாரு."

இன்றைக்குக் கடை விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்தேன். பழைய படத்தை மறுபடி ஏற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு, மானிட்டர் பக்கத்தில் என் கையை வைத்துக் கலர் பிடித்தேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பிரிண்ட் காய்கிறவரைக்கும் உட்கார்ந்து இதை எழுதினேன். 2009 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை.